கும்பகோணத்தில் ஊர்மக்கள் மரபு நடைப்பாதை: எத்தனை இடம், எந்தப் பலகை, யாரிடம் அனுமதி?

அரசலாறு_கரை கேட்டது:

வணக்கம். எங்கள் தெரு நண்பர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். கும்பகோணத்தில் நிரந்தரமாக ஒரு மரபு நடைப்பாதை அமைக்க ஆசை. மாதம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போகும் நடையோடு நிற்காமல், தனியாக வருகிறவரும் பலகைகளைப் படித்தபடி நடந்து போகும்படி இருக்க வேண்டும். 2028 மாசியில் மகாமகம் வருகிறது, அதற்குள் முடிக்கலாம் என்று எண்ணம்.

இதுவரை போட்ட பட்டியலில் 22 இடங்கள்: மகாமகக் குளம், பெரிய கோயில்கள் எல்லாம், ராமானுஜன் வீடு, டவுன் ஹைஸ்கூல், அரசுக் கல்லூரி, பாத்திரக் கடைகள், காவிரிப் படித்துறைகள், கடைசியில் தாராசுரம்.

கேட்க விரும்புவது: பட்டியல் சரியா? பலகைக்கு எந்தப் பொருள் தாங்கும்? ஒருவர் பித்தளையில் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் கருங்கல் என்கிறார். பலகையில் எவ்வளவு எழுதலாம்? அனுமதி எங்கெல்லாம் வாங்க வேண்டும்? கியூஆர் குறி போதாதா, பலகையே தேவையா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

---

தெருப்பித்தன் எழுதியது:

22 இடங்களை நடந்து பார்க்க முடியாது சார், அதற்கு வேன்தான் வைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். கூட்டமாக ஊர்த் தெருவில் நடந்தால் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போனாலே பெரிது. இரண்டரை கிலோமீட்டர் பாதைக்கு நடை மட்டும் ஒரு மணி நேரம். பத்து நிறுத்தத்தில் ஏழு நிமிடம் நின்றால் 70 நிமிடம். சாலையைக் கடக்க, தண்ணீர் குடிக்க, பின்தங்கியவருக்காகக் காத்திருக்க 20 நிமிடம். ஆக இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் போனால் பெரியவர்கள் திண்ணை தேடுவார்கள், பிள்ளைகள் போனை எடுப்பார்கள். பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு நிறுத்தம் என்று முடிவு செய்துவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள்.

முதலில் வெட்ட வேண்டியது தாராசுரம். ஊர் மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஐராவதேஸ்வரர் கோயில் 2004 முதல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இருக்கிறது, அதற்கு உங்கள் பலகை தேவையில்லை. அடுத்து, கோயில் உள்பிராகாரங்கள். இருபது பேர் செருப்பைக் கழற்றி, திரும்பி வந்து தேடிப் போட்டுக்கொள்ள ஒவ்வொரு கோயிலுக்கும் பத்து நிமிடம் போகும். ஒன்பதரை மணிக்கு மேல் கல் தரை சுடும். வேற்று மதத்தவர் எதுவரை போகலாம் என்ற கேள்வி வேறு வரும். கோயிலை வெளியிலிருந்தே காட்டுங்கள், உள்ளே போவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தில் நடனக் கரணச் (ஆடல் நிலை) சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றை உள்ளே போய்ப் பார்க்க முடியாது. வெளியே தெருவில் சற்றுத் தள்ளி நின்றால்தான் தெரியும். எட்டு மடங்கு பைனாகுலர் இரண்டு வாங்கி வையுங்கள், அந்த நிறுத்தமே போதும் என்பார்கள்.

கும்பகோணத்துக் கோயில்களைப் பற்றிச் சொல்ல நவக்கிரகச் சுற்றுலா பஸ்காரர்கள் இருக்கிறார்கள். கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கிற தெருவைச் சொல்லத்தான் ஆள் இல்லை. உங்கள் பாதை அதைச் செய்யட்டும்.

இதை இரண்டு நடையாகப் பிரிப்பது நல்லது. காரணம் நேரம்தான். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் இல்லை, ஆனால் கடைத்தெரு பூட்டிக் கிடக்கும். மாலை நாலரைக்குக் கிளம்பினால் கடைகள் திறந்திருக்கும், கோயில்களும் நான்கு மணிக்கு மேல் நடை திறந்துவிடும், ஆனால் வண்டி நெரிசல். ஒரே பாதையில் இரண்டையும் அடைத்தால் ஏதாவது ஒன்று வீணாகும்.

காலை நடை படிப்பு, தண்ணீர் இரண்டையும் பற்றியது. மகாமகக் குளத்தில் தொடங்கி, நாகேஸ்வரன் கோயில், சாரங்கபாணி கோபுரம், சந்நிதித் தெருவில் ராமானுஜன் வீடு, பொற்றாமரைக் குளம், கும்பேஸ்வரர் கோயில் வாசல் மண்டபக் கடைகள், அங்கிருந்து வடக்கே காவிரிக்கரை. டவுன் ஹைஸ்கூலை வேலை நாளில் வாசலோடு நிறுத்துங்கள். அரசுக் கல்லூரி காவிரியின் வடகரையில் இருக்கிறது. பாலம் ஏறினால் போக வர நேரம் கூடும், தென்கரையிலேயே நின்று அக்கரையைக் காட்டிப் பேசினால் போதும். பிப்ரவரி முதல் மே வரை ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12, அதன் பிறகு தண்ணீர் வந்தால்தான் படித்துறைக்குப் பொருள் புரியும். பலகையில் தண்ணீர் ஓடும் படம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

மாலை நடை கடைத்தெரு. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் காலத்தில் அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர் ராமசாமி கோயிலை எழுப்பியபோது, அதற்கும் பழைய சக்கரபாணி கோயிலுக்கும் இடையே கடைவீதியை அமைத்தார். இரண்டு கோயிலும் அந்த வணிக வீதியின் இரண்டு முனைகள். தெற்கே ராமசாமி கோயிலில் தொடங்கி வடக்கே சக்கரபாணியில் முடித்தால் 17ஆம் நூற்றாண்டின் ஒரு நகரத் திட்டத்துக்குள்தான் நடந்திருப்பீர்கள். வழியில் பாத்திரக் கடை, சீவல் கடை, வெற்றிலை மண்டி, சற்று விலகி டி.எஸ்.ஆர். பெரிய தெருவில் 1904இல் ‘கும்பகோணம் பேங்க்’ என்று தொடங்கி இன்று சிட்டி யூனியன் வங்கியாக இருக்கும் நிறுவனத்தின் பதிவு அலுவலகம். ஊர்ப் பணம் எங்கே புரண்டது என்பதைச் சொல்ல அந்த ஒரு தெரு போதும்.

ஒரு நடைக்கு 18 பேருக்கு மேல் வேண்டாம். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது, அதுதான் அவர் வேலை. கழிப்பறை இரண்டு இடத்தில் அந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று முதல் நாளே போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

---

சுண்ணாம்புக்காரை எழுதியது:

பலகை பற்றி மட்டும் சொல்கிறேன், நீளமாகத்தான் வரும்.

பித்தளை வேண்டாம். அழகில் குறை இல்லை, ஆனால் பாத்திர ஊரில் பழைய பித்தளையின் கிலோ விலை எல்லோருக்கும் தெரியும். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் நாலு ஆணித் துளைதான் மிஞ்சும். எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) தகடும் அப்படியே, கொஞ்சம் தாமதமாகப் போகும்.

கருங்கல் நல்லது, பெயர்ப் பலகைக்கு மட்டும். 20 மி.மீ. தடிமன், 30 செ.மீ. சதுரம், எழுத்து ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. ஆழம். இடத்தின் பெயர், ஆண்டு, நிறுத்த எண், அவ்வளவுதான். நாற்பது சொல்லுக்கு மேல் கல்லில் வெட்டினால் எழுத்து சிறுக்கும். ‘ண’, ‘ன’, ‘ழ’ போன்றவற்றின் சுழிகள் பெயர்ந்து அடைபடும். பள்ளத்தில் பூசும் பெயிண்ட் சில ஆண்டுகளில் உரிந்து, பளபளப்புக் கல்லில் எதுவும் படிக்க முடியாமல் போகும். மேல்பரப்பைப் பாலிஷ் செய்யாமல் மங்கலாக விடச் சொல்லுங்கள், வெயிலில் கண்ணைக் கூசாது. கல்லைத் தரையில் பதிக்கும் யோசனை வந்தால் அப்போதே கைவிடுங்கள். அடுத்த முறை சாலை போடும்போது அது தாருக்கு அடியில்.

விளக்கப் பலகைக்கு எனாமல் தகடு. 1.6 மி.மீ. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சூளையில் ஏறத்தாழ 800 டிகிரியில் சுடுவது. பழைய ரயில் நிலையங்களில் நீலத்தில் வெள்ளை எழுத்தோடு இருந்ததே, அதே வகை. நிறம் வெளுக்காது, போஸ்டர் பசையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். விளிம்பில் கல் பட்டால் பூச்சு பெயரும், அந்த இடத்தில் துரு பிடிக்கும். அதனால் விளிம்பை உள்ளே மடித்த தகடாகக் கேளுங்கள். விலை அதிகம்.

ஏசிபி தகட்டில் (இரண்டு அலுமினியத் தகடுக்கு நடுவே பிளாஸ்டிக்) அச்சடித்து ஒட்டுவது மலிவு. தெற்கு, மேற்கு பார்த்த சுவரில் இரண்டு மூன்று ஆண்டில் சிவப்பும் மஞ்சளும் போய் நீலம் மட்டும் நிற்கும். ஆனாலும் முதல் ஆண்டுக்கு அதையே போடுங்கள். வாசகத்தில் தவறு இருப்பது முதல் ஆண்டில்தான் தெரியும், அதை எனாமலில் சுட்டுவிட்டால் திருத்த வழியில்லை.

அளவு: சுவரில் மாட்டுவது 450 மி.மீ. அகலம், 600 மி.மீ. உயரம். நடுப்பகுதி தரையிலிருந்து 1.3 மீட்டரில் வரட்டும், சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கலாம். தமிழ் வாசகம் 100 சொல், ஆங்கிலம் 80 சொல், ஒரே ஒரு படம். தமிழ் எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஆங்கிலம் 22 போதும். வரி இடைவெளி ஒன்றரை மடங்கு. தமிழில் மேலே கொம்பு, கீழே ‘கு’, ‘மு’ வால் இரண்டும் வருவதால் நெருக்கி அடித்தால் வரிகள் முட்டிக்கொள்ளும்.

இப்போது எல்லா ஊரிலும் நடக்கும் கூத்து: எழுத்துரு. நீங்கள் யூனிகோடில் தட்டி வாட்ஸாப்பில் அனுப்புவீர்கள். அச்சுக்கடையில் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். ‘கொ’ என்பதில் கொம்பு இடம் மாறும், ‘ஸ்ரீ’ மூன்று துண்டாகும், புள்ளி பக்கத்து எழுத்துக்குப் போகும். உடனே அவர்கள் பழைய எழுத்துருவில் புதிதாகத் தட்டச்சு செய்வார்கள், ல-ள-ழ அதில் தொலையும். எனவே வாசகத்தை உங்கள் கணினியில் முழு அளவில் வடிவமைத்து, எழுத்தை எல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். அவர்கள் கையில் தட்டச்சு போகவே கூடாது. பிறகு அசல் அளவில் சாதாரணத் தாளில் ஒரு படி எடுத்து, அட்டையில் ஒட்டி, அந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். போகிறவர் நின்று படிக்கிறாரா, எந்த வரியில் நகர்ந்துவிடுகிறார் என்று பார்த்தால் எதை வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மாட்டுவது எப்படி? கும்பகோணத்துப் பழைய வீட்டுச் சுவர் பெரும்பாலும் சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை. விரியும் ஆங்கர் போல்ட் அடித்தால் மெல்லிய செங்கல் பிளக்கும். செங்கலைத் தொடாமல் காரை இணைப்பில் துளையிட்டு, நைலான் பிளக், எஸ்எஸ் திருகு. பலகைக்கும் சுவருக்கும் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட வாஷர் கொடுங்கள். பின்னால் சிமெண்ட் அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுற்றிலும் காரை உப்பி உதிரும், வீட்டுக்காரர் உங்களைத்தான் பிடிப்பார். கோயில் மதில், மண்டபத் தூண் எதிலும் ஒரு துளைகூடப் போடக் கூடாது.

கம்பம் தேவைப்படும் இடத்தில் 60 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 3 மி.மீ. கனம், தரைக்குள் 60 செ.மீ., நாற்பதுக்கு நாற்பது செ.மீ. கான்கிரீட். குழாய் துருப்பிடிப்பது தரையோடு சேரும் இடத்தில்தான். கான்கிரீட்டைத் தரைமட்டத்துக்கு 5 செ.மீ. மேலே சரிவாக முடித்தால் தண்ணீர் தேங்காது. துளையிடும் வேலையை முடித்த பிறகே துத்தநாகப் பூச்சு.

இன்னொன்று, இது முக்கியம். மகாமகத்துக்கு முன் கம்பம் நடாதீர்கள். விழா என்றால் சாலை, வடிகால், நடைமேடை எல்லாம் தோண்டிப் போடுவார்கள். நீங்கள் நட்டதை ஜேசிபி ஒரே தள்ளில் எடுத்துவிடும். கூட்டம் வரும் வழியில் நடுவில் நிற்கும் எந்தக் கம்பமும் ஆபத்தும்கூட. 2028 மாசிக்கு முன் சுவர்ப் பலகை, அச்சிட்ட வரைபடம். கம்பம் விழா முடிந்த பிறகு.

---

அரசலாறு_கரை எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு நடையாகப் பிரிப்பதை எங்கள் குழுவும் ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்கிறேன். கம்பம் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. வாசகத்தை யார் எழுதுவது என்பதில்தான் இப்போது தகராறு. தலபுராணம் இல்லாமல் எழுதினால் ஊர்க்காரர்கள் ஏற்க மாட்டார்கள் என்று ஒரு பக்கம், கல்வெட்டு இல்லாததை எழுதவே கூடாது என்று ஒரு பக்கம்.

---

ஏட்டுப்பிரதி எழுதியது:

இரண்டையும் எழுதலாம் ஐயா, கலக்காமல் எழுத வேண்டும். அமுதக் குடம் உடைந்த கதையைச் சொல்லும்போது ‘என்கிறது தலபுராணம்’ என்று முடியுங்கள். கட்டடத்தைப் பற்றிச் சொல்லும்போது யார் காலம், எதனால் தெரிகிறது என்று எழுதுங்கள். ‘ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக’, ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’, ‘புகழ்பெற்ற’ மூன்றையும் தடை செய்தாலே பலகைக்கு இருபது சொல் மிச்சம்.

கும்பகோணம் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில:

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. சாரங்கபாணி சந்நிதித் தெரு வீடு அவர் வளர்ந்த வீடு. ‘பிறந்த இல்லம்’ என்று போட்டால் முதல் நாளே ஒரு பள்ளி மாணவன் திருத்துவான். டவுன் ஹைஸ்கூலில் படித்து 1904இல் முடித்தார், அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் அந்தத் தொகை போயிற்று. மேதை என்ற ஒரு சொல்லைவிட இந்த வரிதான் வாசகரை நிறுத்தும். வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைப் பலகையில் எழுதாதீர்கள், மாறும். வரைபடத் தாளில் போடுங்கள்.

உ.வே.சா.வின் சொந்த ஊர் உத்தமதானபுரம், பிறந்த ஆண்டு 1855. 1880இல் தியாகராச செட்டியார் விட்ட இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார், 1903இல் சென்னைக்கு மாறினார். கும்பகோணத்தில் இருந்த அந்தக் காலத்தில்தான், முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்த சேலம் ராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டது. 1887இல் அந்நூல் பதிப்பாகி வந்தது. சங்க இலக்கியப் பதிப்புக்கான பாதை இந்த ஊரில்தான் தொடங்கிற்று என்பதைப் பாதி கும்பகோணத்துக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கோயில் எத்தனை இருந்தாலும் உங்கள் பாதையில் நான் ஒரு பலகைதான் கேட்பேன் என்றால், காவிரிக்கரையில் இது. ராமானுஜன் பிறந்த ஆண்டும் சிந்தாமணி வந்த ஆண்டும் ஒன்றே என்பதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

மகாமகக் குளத்தைச் சுற்றிய பதினாறு மண்டபங்களைக் கோவிந்த தீட்சிதர் பெயரோடு சொல்லலாம். 1992 பிப்ரவரி 18 மகாமகத்தன்று நெரிசலில் பலர் இறந்ததையும் ஒரு வரியில் எழுதுங்கள். ஊர் வரலாறு என்றால் அதுவும் சேர்த்தி. ஆனால் உயிருடன் இருக்கும் குடும்பங்கள் துக்கம் சுமக்கும் இடங்களை நிறுத்தமாக்காதீர்கள். 2004 ஜூலை 16 பள்ளித் தீ விபத்து அப்படிப்பட்டது. குடும்பங்கள் கேட்டாலன்றி அங்கே பலகையோ விளக்கவுரையோ வேண்டாம்.

சான்றுக்கு: ஹெமிங்வே தொகுத்த 1906 தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியர், தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், எழும்பூர் ஆவணக் காப்பகம், சென்னை ரோஜா முத்தையா நூலகம், தஞ்சை சரசுவதி மகால். 1880களின் ஊர் நடப்புக்கு உ.வே.சா.வின் தன்வரலாற்றை மிஞ்ச எதுவும் இல்லை; யார் எந்தத் தெருவில் இருந்தார், எப்போது எழுந்து எங்கே நடந்தார் என்றெல்லாம் அதில் வரும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ‘ஊர் வரலாறு சொல்லுங்கள்’ என்றால் தலபுராணம்தான் வரும், அவர்கள் மேல் தப்பில்லை. ‘இந்தக் கடையில் முன்னே என்ன விற்றார்கள், படித்துறையில் எந்தப் பக்கம் யார் குளிப்பார்கள், வெள்ளம் எந்தப் படி வரை வந்தது’ என்று கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் தனியாகச் சொன்னால் பலகைக்கு, இல்லையென்றால் நடைப் பேச்சில் ‘என்று சொல்கிறார்கள்’ கணக்கில். பழைய போட்டோவை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அன்றே திருப்பிக் கொடுங்கள். படத்தில் இருப்பவர் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பெயர் போட வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடை நடத்தும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அரைப்பக்கம்: கட்டாயம் சொல்ல வேண்டியது மூன்று, நேரமிருந்தால் இரண்டு, சொல்லக் கூடாதது ஒன்று. கடைசி ஒன்றுதான் அதிகம் உதவும்.

---

கோப்பு_எண் எழுதியது:

அனுமதிக்கு முன் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நகர சர்வே எண் எடுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால்தான் எந்த அலுவலகப் படி ஏறுவது என்று தெரியும். சாலை என்றால் மாநகராட்சியா நெடுஞ்சாலைத் துறையா என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஒரே தெருவின் இரண்டு பாதி இரண்டு பேரிடம் இருக்கலாம். கோயில் இடம் என்றால் செயல் அலுவலர் வழியாக அறநிலையத் துறை. தாராசுரத்தை விட்டது ஒரு வகையில் நல்லது: மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்புச் சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பாதையில் வேறு எதாவது அந்தப் பட்டியலில் வருகிறதா என்று திருச்சி வட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மனுவோடு சேர்க்க வேண்டியது: இடக் குறிப்பு வரைபடம், பலகை அளவு, பொருத்தும் முறை, வாசகம் முழுவதும், பராமரிப்பு யார் பொறுப்பு, தேவைப்பட்டால் எங்கள் செலவில் அகற்றுவோம் என்ற உறுதி. கடைசி இரண்டும் இல்லாத மனு தூங்கும். பதினைந்து பேர் இருக்கிறீர்கள், 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள், ஏழு பேர் போதும். தனி ஆள் பெயரில் போனால் அவர் வெளியூர் மாறியதும் கோப்பு அநாதை.

தனியார் சுவருக்கு வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம். பாகம் பிரிக்காத வீடு என்றால் எல்லாப் பங்காளியிடமும். வாடகைக்கு இருப்பவர் சரி என்றால் சரி ஆகாது. ‘எப்போது வேண்டுமானாலும் அகற்றச் சொல்லலாம், சுவரில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை’ என்ற வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் பலர் கையெழுத்துப் போடுவார்கள்.

---

கொடிக்கால் எழுதியது:

மேலே எல்லோரும் பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள், கொஞ்சம் முரண்படுகிறேன். கடைத்தெரு நடைக்குப் பலகை எதற்கு? அங்கே ஆள் இருக்கிறார்.

சீவல் கடையில் பாக்கை எந்தப் பதத்தில் எடுத்து எவ்வளவு மெல்லிசாகச் சீவுகிறார்கள் என்பதைக் கையில் இரண்டு சீவலை வைத்துக் காட்டினால் புரியும், நூறு சொல் வாசகத்தில் புரியாது. ஒன்று தாள் மாதிரி ஒளி ஊடுருவும், இன்னொன்று கடித்தால் நொறுங்கும் கனம். வெற்றிலை மண்டியில் கொழுந்து, முத்தல் இரண்டையும் காம்பைக் கிள்ளி முகரக் கொடுப்பார்கள். பாத்திரக் கடையில் ஒரு குடத்தைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஒட்டுப் போட்டதும் போடாததும் ஒலியில் தெரியும்.

ஆனால் இதற்கு ஒழுங்கு வேண்டும். கடைக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பவர் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வியாபார நேரம், 18 பேர் வாசலை அடைத்து நின்றால் வாடிக்கையாளர் போய்விடுவார். ஐந்து மணிக்குள் அந்த நிறுத்தத்தை வையுங்கள், ஆறு ஆறு பேராக உள்ளே அனுப்புங்கள், ஐந்து நிமிடம். மாதத்துக்கு ஒரு கடை என்று முறை மாற்றுங்கள். ஒரே கடைக்குப் போனால் கமிஷன் வாங்குகிறார்கள் என்று அடுத்த கடைக்காரர் சொல்வார், வெள்ளிக்கிழமைக்குள் தெரு முழுக்கப் பரவும். நேரம் ஒதுக்கிக் காட்டுகிறவருக்குச் சன்மானம் வெளிப்படையாகக் கொடுங்கள், நடைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம். திருபுவனம் பட்டு, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, சுவாமிமலைப் படிமம் எல்லாம் பக்கத்து ஊர் வேலை. அவற்றைக் கடையில் விற்கிற பொருளாகக் காட்டுங்கள், ‘கும்பகோணத்துக் கைவினை’ என்று எழுதி அந்த ஊர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

டிகிரி காபி நிறுத்தம் கடைசியில் இருக்கட்டும். நடுவில் வைத்தால் கூட்டம் திரும்பச் சேராது.

---

அரசலாறு_கரை எழுதியது:

கியூஆர் பற்றி யாரும் சொல்லவில்லையே? வரைபடத் தாள் எந்த அளவு?

---

சுண்ணாம்புக்காரை எழுதியது:

கியூஆர் கூடுதல் வசதி, பலகைக்கு மாற்று இல்லை. நடுவெயிலில் திரை தெரியாது, வயதானவர் பாதிப்பேர் எடுக்க மாட்டார்கள்.

போட்டால் 5 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல், படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கல்லில் வெட்டாதீர்கள், கருப்பு வெள்ளை வேறுபாடு போதாமல் கேமரா திணறும். இலவசத் தளங்களில் கிடைக்கும் ‘மாற்றக்கூடிய’ குறியைப் போட்டுவிட்டால், அந்தத் தளம் ஒரு நாள் பணம் கேட்கும் அல்லது மூடும், பலகையெல்லாம் செத்துவிடும். சங்கத்தின் பெயரில் சொந்தமாக ஒரு இணைய முகவரி வாங்கி, அதன் கீழ் நிறுத்த எண்ணைக் குறியாக்குங்கள். உள்ளே பக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், குறி மாறாது. முகவரியைக் குறிக்குக் கீழே எழுத்திலும் போடுங்கள். இன்னொரு தொல்லை, பணம் வாங்கும் குறியை அச்சடித்து உங்கள் குறியின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். ‘இங்கே பணம் கேட்பதில்லை’ என்று பக்கத்தில் ஒரு வரி, மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்க ஒரு ஆள்.

வரைபடம் ஏ3 தாள், மூன்று முறை மடித்தால் சட்டைப்பையில் போகும். பளபளப்பு ஆர்ட் தாள் மடிப்பில் வெடிக்கும், வியர்வைக் கையில் ஒட்டும். 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பளபளப்பில்லாத அச்சுத் தாள்) போதும், பேனாவில் எழுதவும் வரும். ஒன்றுக்கு நாலாயிரம் என்ற அளவில் போட்டால் 25 செ.மீ. அகலத்தில் ஒரு கிலோமீட்டர் அடங்கும், ஊர் மையம் முழுவதும் வந்துவிடும். கூகுள் வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிடாதீர்கள், உரிமைச் சிக்கல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த உரிம வரைபடத்தை அடிப்படையாக எடுக்கலாம், ஓரத்தில் அவர்கள் பெயரைப் போட வேண்டும் என்பதே நிபந்தனை. தெருப் பெயரில் மாநகராட்சிப் பெயரையும் ஆட்டோக்காரர் சொல்லும் பெயரையும் இரண்டையும் போடுங்கள்.

முதல் அச்சு 500 படிக்கு மேல் வேண்டாம்.

---

தெருப்பித்தன் எழுதியது:

500கூட அதிகம், 200 போடுங்கள். சோதனை நடைக்கு முன் அச்சுக்கே போகாதீர்கள். கைத்தடியோடு ஒருவர், பத்து வயதுப் பிள்ளை, தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர், குழந்தை வண்டியோடு ஒரு அம்மா, ஊருக்கே புதியவர் ஒருவர். இந்த ஐந்து பேரிடமும் தாளைக் கொடுத்து நீங்கள் பேசாமல் பின்னால் நடங்கள். எங்கே தவறான சந்தில் திரும்புகிறார்கள், எங்கே சாக்கடை மூடியில் வண்டி மாட்டுகிறது, எங்கே நிழல் தேடி எதிர்ப்பக்கம் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பலகை எந்தப் பக்கச் சுவரில் என்பதை அந்த நிழல்தான் முடிவு செய்யும்: காலை நடைப் பலகை எல்லாம் கிழக்குப் பக்கச் சுவரில், மாலை நடை மேற்குப் பக்கத்தில். இதை மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை செய்துவிட்டு வீட்டுக்காரர்களிடம் சம்மதக் கடிதத்துக்குப் போங்கள்.